கார்பன் சைக்கிள் வாங்கியாச்சா? அத உடைக்காம வச்சுக்கிறது எப்படின்னு கொஞ்சம் பாத்துடுவோம்

கார்பன் சைக்கிள் புதுசா வாங்குனவங்க எல்லாரும் முதல் வாரத்துல கேக்குற கேள்வி ஒண்ணுதான், ஓட்டிட்டு இருக்கும்போதே பட்டுனு உடைஞ்சிடுமா? இன்னொரு கோஷ்டி இருக்கு, விமானத்துக்கே கார்பன்தான் போடுறாங்க சைக்கிள்ல என்ன ஆகிடப்போகுதுன்னு கைல கிடைச்ச ஆலன் கீய வச்சு மூச்சப் புடிச்சு முறுக்கிட்டு ஜாலியா கிளம்பிடுவாங்க. நான் ரெண்டு கோஷ்டிலயும் இருந்திருக்கேன். முதல் மாசம் பயம், ரெண்டாவது மாசம் தைரியம், மூணாவது மாசம் சீட்போஸ்ட் (சீட்ட தாங்குற குழாய்) கிளாம்ப முறுக்கும்போது ‘டிக்’னு ஒரு சின்ன சத்தம், அவ்ளோதான், சீட்போஸ்ட் குப்பைக்குப் போச்சு. ரோட்டுல எத்தனையோ குழிய தாண்டுன பொருள், வீட்டுக்குள்ள என் கையாலயே செத்துச்சு.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். கார்பன் ஓட்டி ஓட்டி தேஞ்சு உடையுறது அபூர்வம். அதக் கொல்றது பெரும்பாலும் அளவுக்கு மீறி முறுக்குன போல்ட், இல்ல பக்கவாட்டுல வாங்குன அடி, இல்ல விழுந்ததுக்கு அப்புறம் திரும்பிக்கூட பாக்காம ஓட்டுறது. ரோட்டப் பாத்து பயப்படுறத விட நம்ம கைல இருக்குற ஸ்பேனரப் பாத்து பயப்படுறது நல்லது.

மொதல்ல இது என்ன பொருள்னு தெரிஞ்சுக்கோங்க

ஒரு கார்பன் இழையோட தடிமன் 5லருந்து 7 மைக்ரான்தான், நம்ம தலைமுடி அதவிட பத்து மடங்கு தடியா இருக்கும். இந்த மாதிரி ஆயிரக்கணக்கான இழைய சேத்து எபாக்ஸி ரெசின்ல ஊறவச்சு மெல்லிசான ஷீட்டா ஆக்கி, அத சின்னச் சின்ன துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கோணத்துல அச்சுக்குள்ள அடுக்கி, அழுத்தம் குடுத்து சூட்டுல வேகவைக்கிறாங்க. ஒரு ஃப்ரேமுக்கு நூத்துக்கணக்குல துண்டு வரும், இதுல பெரும்பாலும் கை வேலைதான். அடுக்குல சுருக்கம் விழுந்தாலோ நடுவுல காத்து மாட்டிக்கிட்டாலோ அந்த இடம் வீக்காகிடும். ரெண்டு கம்பெனி ஃப்ரேமும் வெளிய ஒரே மாதிரி தெரிஞ்சாலும் உள்ள தரம் வேற வேறயா இருக்குறதுக்கு இதுதான் காரணம்.

மூங்கில நினைச்சுக்கோங்க. நீளவாக்குல என்ன இழுத்தாலும் தாங்கும், வளைச்சாலும் தாங்கும், ஆனா நுனில கத்திய வச்சு ஒரு தட்டு தட்டுனா சர்ருனு பிளந்துடும். கார்பனும் அந்த ஜாதிதான். இழை ஓடுற திசைல பயங்கர பலம், குறுக்க நசுக்குனா அந்த பலமெல்லாம் கிடையாது. டிசைன் பண்றவங்க எந்தப் பக்கம் லோடு வரும்னு கணக்குப் போட்டு அந்தப் பக்கம்தான் இழைய ஓட்டியிருப்பாங்க, அவங்க எதிர்பாக்காத திசைல ஒரு கல்லோ ஒரு படிக்கட்டு முனையோ இடிச்சா அதத் தாங்க அங்க ஆளே இல்ல.

அடுத்தது இன்னும் முக்கியம். இரும்பு, அலுமினியம் எல்லாம் ஓவர் லோடு வந்தா முதல்ல வளையும், நமக்கும் கண்ணுல தெரியும். கார்பன் வளைஞ்சு நிக்காது, தாங்குற வரைக்கும் தாங்கும், அப்புறம் உடைஞ்சிடும். அடி வாங்குனா வெளிய பெயின்ட் நல்லாவே இருக்கும், உள்ள அடுக்குக்கு நடுவுல பிரிஞ்சிருக்கும், இதத்தான் டீலாமினேஷன்னு சொல்வாங்க. இந்த ரெண்டு குணத்தாலதான் கார்பனுக்கு கெட்ட பேரு, மத்தபடி அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்ங்கற விஷயத்துல, அதாவது சின்னச் சின்ன லோடு லட்சக்கணக்கான தடவ வந்து களைச்சுப் போறதுல, கார்பன் அலுமினியத்த விட எவ்வளவோ தேவல. அலுமினியத்துக்கு அந்தக் களைப்புல இவ்வளவுக்குக் கீழ போனா பாதிப்பே இல்லங்கற எல்லைக்கோடு கிடையாது, சின்ன லோடா இருந்தாலும் சேந்துக்கிட்டேதான் இருக்கும்.

இது நேத்து வந்த பொருளும் இல்ல. 1986லயே க்ரெக் லெமாண்ட் கார்பன் டியூப் ஃப்ரேம்ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சுட்டாரு. இப்போ ஐஎஸ்ஓ 4210னு சைக்கிளுக்கு தனி பாதுகாப்பு தரம் இருக்கு, அதுல பெடல் மிதிக்கிற மாதிரி லோடு குடுத்து ஃப்ரேம 100,000 தடவ அமுக்கிப் பாக்குற டெஸ்ட் உண்டு, 22.5 கிலோ எடைய மேலருந்து போட்டு இடிச்சுப் பாக்குற டெஸ்டும் உண்டு. பேரு தெரியாத கம்பெனியோட பார்ட்ஸ் வாங்கும்போது இந்த தரச் சான்று இருக்கான்னு கேளுங்க, பதில் மழுப்பலா வந்தா ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் (முன் வீல புடிக்கிற கவை) அங்க வாங்காதீங்க. பாட்டில் கேஜ் வேணா வாங்கிக்கோங்க, அது உடைஞ்சா தண்ணிதான் போகும்.

மெட்டல்னா உடையாதுன்னு யாராச்சும் சொன்னா அதையும் நம்பாதீங்க. 2006 பாரிஸ் ரூபே ரேஸ்ல ஜார்ஜ் ஹின்கேப்பிங்கற ரேஸரோட ஸ்டீரர், அதாவது ஃபோர்க்கையும் ஹேண்டில்பாரையும் சேக்குற குழாய், ஓடிட்டு இருக்கும்போதே முறிஞ்சு அவரு கீழ விழுந்தாரு, அந்த ஸ்டீரர் அலுமினியம். 2023ல ஷிமானோ லட்சக்கணக்குல ரோட் சைக்கிள் க்ராங்க (பெடல் மாட்டுற கை) செக்கிங்குக்கு திரும்பக் கூப்டாங்க, அதுவும் அலுமினியம்தான், ரெண்டு பாதிய ஒட்டுன பசை விட்டுப் போற பிரச்சனை.

ஸ்டெப் 1: மேனுவல தூக்கிப் போடாதீங்க

டப்பால வர்ற அந்த சின்ன புக்க யாரும் படிக்கிறதில்ல. அதுல மூணு விஷயத்த மட்டும் தேடுங்க. ஒண்ணு, எடை வரம்பு. இது உங்க எடை மட்டும் இல்ல, சைக்கிள், பை, தண்ணி எல்லாம் சேத்த கணக்கா இருக்கும், சில கம்பெனி வீலுக்குன்னு தனியா ஒரு வரம்பு குடுத்திருப்பாங்க. ரெண்டாவது, இந்த சைக்கிள் எந்த மாதிரி ரோட்டுக்குன்னு போட்டிருக்குற வகை எண். வகை 1னா தார் ரோடு மட்டும், 2னா மண் ரோடு, சின்ன 15 சென்டிமீட்டர் குதி வரைக்கும், 3னா 60 சென்டிமீட்டர் வரைக்கும், இப்படி 5 வரைக்கும் போகும். வகை 1 ஃப்ரேம எடுத்துட்டுப் போய் படிக்கட்டுல குதிச்சுட்டு கார்பன் மட்டம்னு சொன்னா அது கார்பன் தப்பில்ல. மூணாவது, ஒவ்வொரு போல்டுக்கும் உள்ள டார்க் அளவு, அதாவது எவ்வளவு விசைல முறுக்கணும்ங்கறது. இத ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

கேரியர், குழந்தை சீட், கார் மேல டாப் டியூப (ஃப்ரேமோட மேல் குழாய்) பிடிச்சு ஏத்துற கிளாம்ப், வீட்டுக்குள்ள ஓட்டுற ட்ரெய்னர், இதெல்லாம் உங்க ஃப்ரேமுக்கு அனுமதி இருக்கான்னும் அதே புக்குல பாத்துடுங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

ஸ்டெப் 2: டார்க் ரெஞ்ச். இது இல்லாம எதையும் தொடாதீங்க

புது ஜெர்சி, புது ஷூ எல்லாம் அப்புறம், முதல்ல இத வாங்குங்க. சைக்கிளுக்குன்னு இருக்குற சின்ன சைஸ், 2லருந்து 14 நியூட்டன் மீட்டர் மாதிரி ரேஞ்ச்ல இருக்குறது போதும். கார் வீல் நட்டு முறுக்குற பெரிய ரெஞ்ச் இதுக்கு ஆகாது, அது 5 நியூட்டன் மீட்டர கணக்குலயே எடுத்துக்காது.

5 நியூட்டன் மீட்டர்னா எவ்வளவுன்னு கைக்கு ஒரு ஐடியா வேணும்ல? 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயோட நுனில 5 கிலோ எடைய தொங்கவிட்டா எவ்வளவோ அவ்வளவுதான். நம்ம ஆளுங்க சாதாரணமா டைட் வைக்கும்போது இத ஈஸியா ரெண்டு மடங்கு தாண்டிடுவாங்க. எனக்குக் கை கணக்கு தெரியும்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல, நானும் அப்படிச் சொன்னவன்தானே.

முறுக்குற முறை இப்படி:

ஹேண்டில்பார கவ்வுற பாகமான ஸ்டெம்மோட முகப்புல நாலு போல்ட் இருக்கும், ஒண்ண முழுசா டைட் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. எல்லாத்தையும் கையால லேசா ஏத்திட்டு, அப்புறம் குறுக்க குறுக்க, கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மூணு சுத்துல அளவுக்குக் கொண்டு வாங்க. மேல கீழ இடைவெளி சமமா இருக்கணும், மேல் இடைவெளிய முழுசா மூடிடணும்னு டிசைன் பண்ண ஸ்டெம் சிலது இருக்கு, அதுல மட்டும் கம்பெனி சொன்னபடி. ரெஞ்ச் ஒரு க்ளிக் குடுத்ததும் நிறுத்துங்க, சும்மா ஒரு உறுதிக்கு இன்னொரு தடவ க்ளிக் பண்றது கெட்ட பழக்கம், ஒவ்வொரு எக்ஸ்ட்ரா க்ளிக்கும் கொஞ்சம் கூட முறுக்குது. வேலை முடிஞ்சதும் ரெஞ்ச ரொம்பக் கம்மியான அளவுக்கு இறக்கி வைங்க, ஸ்பிரிங் தளர்ந்து போகாம இருக்கும்.

ஸ்டெம்ல 6னு போட்டிருக்கு ஹேண்டில்பார்ல 5னு போட்டிருக்கு, எத எடுக்குறது? எப்பவும் கம்மியா இருக்குறது. அதோட ‘மேக்ஸ்’னு எழுதியிருந்தா அது உச்ச வரம்பு, அதத் தொட்டே ஆகணும்னு இல்ல. கொஞ்சம் கம்மியா வச்சு, நகருதா பாத்து, தேவைப்பட்டா ஏத்துங்க.

ஸ்டெப் 3: கிரீஸ் இல்ல, பேஸ்ட்

புதுசா வர்றவங்க இங்கதான் குழம்புறாங்க. கார்பன் பாகத்த கிளாம்ப் புடிக்கிற இடத்துல, அதாவது சீட்போஸ்ட் ஃப்ரேமுக்குள்ள போற இடம், ஹேண்டில்பார ஸ்டெம் கவ்வுற இடம், அங்க கிரீஸ் போடாதீங்க. வழுக்கும், வழுக்குதேன்னு இன்னும் முறுக்குவீங்க, முடிவு என்னன்னு மேலயே சொல்லிட்டேன். அங்க போட வேண்டியது கார்பன் பேஸ்ட், உள்ள பொடிப் பொடியா மணல் மாதிரி துகள் இருக்கும், பிடிப்பு கூடும், அதனால கம்மி டார்க்லயே நிக்கும். ஆனா போல்டோட மரைக்கு லேசா கிரீஸ் வேணும், காஞ்ச மரைல பாதி முறுக்கு உராய்வுலயே போயிடும், ரெஞ்ச் க்ளிக் அடிச்சாலும் கிளாம்ப் சரியா புடிச்சிருக்காது. மரைல ஏற்கனவே கலர் கலரா லாக் பசை தடவி வந்திருந்தா அத அப்படியே விட்டுடுங்க.

சீட்போஸ்ட பத்தி இன்னும் கொஞ்சம். அதுல மினிமம் இன்சர்ஷன்னு ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு வெளிய தெரியக்கூடாது. சில ஃப்ரேமுக்கு அது மட்டும் போதாது, டாப் டியூப் வந்து சேர்ற இடத்துக்கும் கீழ வரைக்கும் போஸ்ட் இறங்கியிருக்கணும், இல்லன்னா ஃப்ரேமோட கழுத்துல முழு லோடும் விழும்.

இன்னொரு பிரச்சனை ஒட்டிக்கிறது. கார்பன் மின்சாரம் கடத்தும், அதோட அலுமினியம் ஒட்டி இருந்து நடுவுல வேர்வை, மழைத்தண்ணி மாதிரி ஈரம் போச்சுன்னா அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும், அரிச்ச பொடி உப்பி ரெண்டையும் ஒண்ணா பூட்டிடும். கார்பன் ஃப்ரேம்ல அலுமினிய போஸ்ட், இல்ல அலுமினிய ஃப்ரேம்ல கார்பன் போஸ்ட், ரெண்டுலயும் வரும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா போஸ்ட வெளிய எடுத்து தொடச்சு புது பேஸ்ட் போட்டு மாட்டுனா இந்தத் தலைவலியே வராது. ஹைட் மாறிடாம இருக்க எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு டேப் துண்டு ஒட்டி வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: ஸ்டீரர். இங்க மட்டும் ரெண்டு தடவ படிங்க

ஃபோர்க்லருந்து மேல வந்து ஸ்டெம்ம தாங்குற குழாய்தான் ஸ்டீரர். இது உடைஞ்சா உங்க கைல ஹேண்டில்பார் இருக்கும், ஆனா அதுக்கும் முன் வீலுக்கும் சம்பந்தம் இருக்காது. ஃப்ரேம்ல விரிசல் விட்டா பெரும்பாலும் சத்தம், ஆட்டம்னு ஏதாச்சும் அறிகுறி குடுக்கும், ஸ்டீரர் அந்த மரியாதைய எதிர்பாக்க முடியாத இடம்.

மெட்டல் ஸ்டீரர்ல ஸ்டார் நட்டுனு ஒண்ண சுத்தியலால அடிச்சு இறக்குவாங்க, கார்பன் ஸ்டீரர்ல அத ஒருக்காலும் செய்யக்கூடாது, உள் சுவர சுரண்டிடும். இதுக்கு எக்ஸ்பாண்டர் ப்ளக்னு உள்ள விரிஞ்சு புடிக்கிறது வரும். அது ரெண்டு வேலை செய்யுது, டாப் கேப் (ஸ்டீரர் உச்சில இருக்குற மூடி) போல்டுக்கு பிடிமானம் குடுக்குது, ஸ்டெம் வெளியருந்து நசுக்கும்போது உள்ளருந்து முட்டும் குடுக்குது. அதனால ஸ்டெம் கவ்வுற உயரத்துக்கு நேரா உள்ள அது இருக்கணும். வேற சைக்கிளோடத, வேற கம்பெனியோடத மாத்திப் போட்டுப் பாக்குறது வேணாம். 2021ல ஸ்பெஷலைஸ்ட் டார்மாக் எஸ்எல்7 மாடல திரும்பக் கூப்டது இந்த ஏரியால உள்ள ஹெட்செட்டோட (ஸ்டீரர் திரும்ப உதவுற பேரிங் செட்) ஒரு சின்னப் பாகத்தாலதான், ஸ்டீரர்ல விரிசல் விட வாய்ப்பு இருக்குன்னு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த இடம் கஷ்டம்னா பாத்துக்கோங்க.

மாட்டுற வரிசை: எக்ஸ்பாண்டர சொன்ன டார்க்குக்கு டைட் பண்ணுங்க. ஸ்டெம் போல்ட லூசா விட்டுட்டு டாப் கேப்ப கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு சைக்கிள முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹெட்செட்ல டக்கு டக்குனு ஆட்டம் இருந்தா இன்னும் கால் சுத்து. ஆட்டம் போய், ஹேண்டிலும் தடையில்லாம திரும்புனா நிறுத்திடுங்க. அப்புறம் ஸ்டெம்ம நேரா வச்சு, ரெண்டு போல்டையும் மாத்தி மாத்தி அளவுக்கு டைட் பண்ணுங்க. டாப் கேப் போல்ட் எதையும் தாங்கிப் பிடிக்கல, அது வெறும் ஆட்டத்த எடுக்கத்தான், அத வெறித்தனமா முறுக்குற ஆளுங்கதான் எக்ஸ்பாண்டர இழுத்து வெளிய கொண்டு வர்றவங்க.

ஸ்டெம்முக்குக் கீழ ஸ்பேஸர் (ஒசரம் ஏத்த போடுற வளையம்) எவ்வளவு வைக்கலாம்னு வரம்பு இருக்கு, நிறைய கம்பெனி 30லருந்து 40 மில்லிமீட்டருக்குள்ள சொல்லும். ஹேண்டில் இன்னும் ஒசரமா வேணும்னா ஸ்பேஸர ஏத்திக்கிட்டே போகாம மேல பாத்து சாயுற ஸ்டெம் போடுங்க. ஸ்டெம் மேல ஒரு 5 மில்லிமீட்டர் ஸ்பேஸர் வைக்கச் சொல்லி நிறைய கம்பெனி சொல்வாங்க, ஸ்டெம்மோட முழு ஒசரமும் ஸ்டீரர கவ்வுறதுக்காக, பாக்க அழகா இல்லன்னு அத எடுத்துடாதீங்க. புது ஸ்டெம் மாட்டுறதுக்கு முன்னாடி உள்பக்க ஓரத்துல விரல விட்டுப் பாருங்க, பிசிறு இருந்தா அது ஸ்டீரர்ல கத்தி மாதிரி கோடு போடும், நைசான உப்புத்தாள் வச்சு மழுங்க வச்சுட்டு மாட்டுங்க.

வருஷத்துக்கு ஒருக்கா ஃபோர்க்க முழுசா வெளிய எடுத்து ஸ்டீரர மேலருந்து அடி வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்டெம்மோட கீழ் ஓரம் உக்காந்த இடமும், அடில பேரிங் உக்கார்ற இடமும் முக்கியம்.

ஸ்டெப் 5: ஹேண்டில்பார்

டேப்புக்குக் கீழ என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. 2021 மார்ச்ல லே சமின் ரேஸ்ல மாத்யூ வான் டெர் பூலோட கார்பன் ஹேண்டில்பார் ஒரு பக்கம் உடைஞ்சு தொங்குச்சு, அதுக்கப்புறம் கேன்யன் கம்பெனி அந்த ஏரோட் மாடல் வச்சிருந்தவங்கள ஓட்டாதீங்கன்னு சொல்லி நிறுத்துனாங்க. உலகத்தரமான மெக்கானிக் தினமும் பாக்குற சைக்கிள்லயே இப்படின்னா நம்மளுது டேப் சுத்துனதுலருந்து திறந்தே பாக்காம இருக்கு.

டேப் மாத்துற ஒவ்வொரு தடவையும் பார முழுசா தொடச்சுட்டு, பிரேக் லீவர் கிளாம்ப் உக்கார்ற இடத்தையும் ஸ்டெம்மோட ரெண்டு ஓரத்தையும் பாருங்க. லீவர் கிளாம்ப கொஞ்சம் லூசா விடுறது நல்ல பழக்கம், விழும்போது லீவர் திரும்பிக்கும், பார் தப்பிக்கும், ஆனா ஓட்டும்போது கை அழுத்தத்துல நகரக்கூடாது. கிளிப் ஆன் ஏரோ பார், கொம்பு மாதிரி பார் எண்ட் எல்லாம் கம்பெனி ஓகே சொன்ன ஹேண்டில்பார்ல மட்டும்தான். ட்ரெய்னர்ல ஓட்டுறவங்க வேர்வைய சும்மா விடாதீங்க, கார்பன ஒண்ணும் பண்ணாது, போல்டயும் லீவர் கிளாம்பயும் அரிச்சுத் தின்னுடும்.

ஸ்டெப் 6: வீல்

டிஸ்க் பிரேக்னா பாதி கவலை இல்ல. கார்பன் ரிம் மேலயே ரப்பர் கட்டை உரசுற ரிம் பிரேக்னா சூடுதான் எதிரி. ரெசினுக்கு ஒரு வெப்பநிலை வரம்பு இருக்கு, அதத் தாண்டுனா இளகும், உள்ள டயர் அழுத்தம் தள்ளும், ரிம் ஓரம் உப்பிடும். பெரிய இறக்கத்துல பிரேக்க லேசா புடிச்சுக்கிட்டே இறங்குறது ரொம்பத் தப்பு. நல்லா அழுத்தி ஸ்பீட கொறச்சு, விட்டுடுங்க, காத்துல ஆறட்டும், திரும்ப அழுத்துங்க. கார்பனுக்குன்னு இருக்குற கட்டைதான் போடணும், அலுமினிய ரிம்ல தேஞ்ச கட்டைய இதுக்கு மாத்தாதீங்க, அதுல பதிஞ்சிருக்குற அலுமினியத் துகள் ரிம்ம அறுக்கும். லேடெக்ஸ் டியூபும் இந்த ரிம் பிரேக் செட்டப்புக்கு வேணாம்.

டயர் ஓரத்த புடிக்கிற கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்னா காத்து வரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதுக்கு மேல கூடாது, டயரும் ஹுக்லெஸ்ஸுக்கு ஏத்ததுன்னு போட்டிருக்கணும். பழைய பழக்கத்துல 100 அடிக்கிறவங்க கவனம். 2024 யூஏஇ டூர் ரேஸ்ல தாமஸ் டி கெண்ட்ங்கற ரேஸர் டயர் கழண்டு விழுந்ததுக்கு அப்புறம் இந்த ரிம் பத்தி பெரிய சண்டையே நடந்துச்சு. வரம்புக்குள்ள நின்னா ஓட்டலாம், அந்த வரம்ப ஞாபகம் வச்சுக்க முடியாதுன்னா ஹுக் இருக்குற ரிம்மே வாங்கிடுங்க, என்னோட சாய்ஸும் அதுதான்.

குழில நல்லா இடிச்சா இறங்கி ரிம் ஓரத்த விரலால சுத்திப் பாருங்க. ட்யூப்லெஸ்ல காரணமே இல்லாம காத்து இறங்கிட்டே இருந்தா ரிம்லயே விரிசலான்னு சந்தேகப்படுங்க.

ஸ்டெப் 7: மாசம் ஒருக்கா செக்கிங்

அழுக்கு சைக்கிள்ல எதையும் கண்டுபிடிக்க முடியாது, கழுவி காயவிடுங்க. அப்புறம் இருட்டா இருக்குற இடத்துல டார்ச்ச சாய்வா அடிச்சு பாருங்க, நேரா அடிச்சா கோடு தெரியாது. பாக்க வேண்டிய இடம்: ஹெட் டியூப (ஸ்டீரர் உள்ள போற முன் குழாய்) சுத்தி, டவுன் டியூபோட (ஃப்ரேமோட கீழ் குழாய்) அடி, கல்லு தெறிக்கிற இடம், பாட்டம் ப்ராக்கெட்ட (க்ராங்க் சுத்துற அச்சு இருக்குற இடம்) சுத்தி, செயின் பக்கத்து செயின்ஸ்டே (அங்கருந்து பின் வீலுக்குப் போற குழாய்), சீட் கிளாம்புக்குக் கீழ, பின் வீல் உக்கார்ற இடம்.

ஒரு கோடு தெரிஞ்சா உடனே பதறாதீங்க, பெயின்ட் விரிசலாவும் இருக்கலாம். நகத்த வச்சு குறுக்க இழுங்க, மாட்டுதா? ஒரு பஞ்சு உருண்டைய மேல தேய்ச்சுப் பாருங்க, இழை வெளிய வந்திருந்தா பஞ்சு மாட்டும். கட்டைவிரலால அமுக்குனா உள்ள போகுதா, க்ரிச்னு சத்தம் வருதா? இதுல எதுக்காச்சும் ஆமான்னா ஓட்டுறத நிறுத்துங்க. எதுவும் இல்லன்னா கோட்டோட ரெண்டு முனையையும் பென்சில்ல மார்க் பண்ணி தேதியோட போட்டோ எடுத்து வைங்க, அடுத்த மாசம் மார்க்க தாண்டியிருந்தா அது பெயின்ட் இல்ல.

காசால தட்டிப் பாக்குற டெஸ்ட் ரொம்ப ஃபேமஸ். நல்ல இடத்துல கணீர்னு கேக்கும், அடுக்கு பிரிஞ்ச இடத்துல மொத்தையா டொப்புனு கேக்கும். ஆனா டியூப் தடிமன் மாறுற இடத்துலயும் சத்தம் மாறும், அதனால இடது பக்கம் தட்டுன அதே இடத்த வலது பக்கமும் தட்டி ஒப்பிட்டுப் பாருங்க. சத்தம் ஓகேன்னா ஃப்ரேம் ஓகேன்னு இதுலருந்து முடிவு பண்ண முடியாது, சந்தேகத்த கிளப்ப மட்டும் உதவும். உறுதியா தெரியணும்னா அல்ட்ராசவுண்ட் மாதிரி கருவி வச்சிருக்குறவங்க கிட்டதான் போகணும்.

கிரீச் கிரீச்னு வர்ற சத்தத்துல பெரும்பாலானது அழுக்கு, காஞ்ச போல்ட், பாட்டம் ப்ராக்கெட்தான். முன்பக்கத்துலருந்து திடீர்னு புதுசா ஒரு சத்தம் வந்தா மட்டும் அன்னைக்கே நிறுத்திப் பாருங்க.

ஸ்டெப் 8: விழுந்துட்டீங்களா

முதல்ல உங்களப் பாருங்க, ஹெல்மெட்டப் பாருங்க, அப்புறம் சைக்கிள். ஹேண்டில்பார் திரும்பி டாப் டியூப்ல முட்டியிருக்கா, ஃபோர்க் காலு ரெண்டும் நேரா இருக்கா, வீல் சுத்துனா ரெண்டு பக்கமும் இடைவெளி சமமா இருக்கா, எங்கயாச்சும் ஃப்ரேம் கல்லு மேல விழுந்திருக்கா. சந்தேகம் இருந்தா மிதிக்காம தள்ளிக்கிட்டுப் போங்க, இல்ல வண்டி சொல்லுங்க. வேகமா விழுந்து ஹேண்டில்பார் தரைல பலமா இடிச்சிருந்தா நான் வெளிய கோடு இல்லன்னாலும் பார மாத்திடுவேன், இதுல பேரம் கிடையாது.

பலபேர் கண்டுக்காதது நின்ன இடத்துல விழுறது. சுவத்துல சாச்சு வச்ச சைக்கிள் சரிஞ்சு ஒரு கூரான விளிம்புல டாப் டியூப் பக்கவாட்டா இடிச்சா, பெரிய குழில விழுந்தத விட அது மோசமா இருக்கலாம். லேசான ஃப்ரேம்ல அந்தச் சுவர் பல இடத்துல 1 மில்லிமீட்டர் கிட்டதான் இருக்கும். ரிப்பேர் ஸ்டாண்ட்லயும் அதே கதைதான், ஃப்ரேம் டியூப கவ்வ விடாதீங்க, சீட்போஸ்ட்ல மாட்டுங்க. காரு பின்னாடி மாட்டி எடுத்துட்டுப் போகும்போது சைலன்ஸர் புகை ரிம்லயோ டயர்லயோ நேரா படாம பாத்துக்கோங்க, ரெசின் சூட்டுல இளகும்னு மேல சொன்னேன்ல.

ஸ்டெப் 9: ரிப்பேரா, மாத்துறதா

ஃப்ரேம் விரிசல ரிப்பேர் பண்ணலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. அடிபட்ட இடத்த சுத்தி சரிவா தேய்ச்செடுத்து, இழை திசை பாத்து புது அடுக்கு போட்டு, வேகவச்சு, திரும்ப பெயின்ட் அடிப்பாங்க, தெரிஞ்சவங்க கையால செஞ்சா பல வருஷம் ஓடும். இன்டர்நெட்ல வீடியோ பாத்துட்டு எபாக்ஸி ட்யூப வாங்கி மேல பூசுறது ரிப்பேர் இல்ல, மேக்கப். ஸ்டீரர், ஹேண்டில்பார், ஸ்டெம், சீட்போஸ்ட், க்ராங்க், ரிம் இதெல்லாம் போனா போனதுதான், மாத்திடுங்க. தூக்கிப் போடும்போது ரெண்டா அறுத்துப் போடுங்க, இன்னொருத்தர் எடுத்து மாட்டிடக்கூடாது.

அறுக்குறதுன்னதும் ஞாபகம் வருது, ஸ்டீரரோ சீட்போஸ்டோ நீளம் கொறைக்கணும்னா பல் நெருக்கமான பிளேடு, அறுக்குற இடத்த சுத்தி டேப், தண்ணி தெளிச்சு தெளிச்சு, மெதுவா. மூக்குக்கு நல்ல மாஸ்க், கைக்கு கிளவுஸ் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோல்லயும் குத்தும். ஓரத்த நைசா தேய்ச்சுட்டு முடிங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்கன்னா

வயசப் பாத்து பயப்படாதீங்க, நல்லா வச்சிருந்த பழைய கார்பன் நல்ல பொருள்தான். பயப்பட வேண்டியது ஒரே ஒரு டியூப்ல மட்டும் புதுசா தெரியுற பெயின்ட், சம்பந்தமே இல்லாத இடத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர், நகராம ஒட்டிக்கிட்ட சீட்போஸ்ட். எப்ப விழுந்துச்சுன்னு கேளுங்க, விழுந்துச்சான்னு கேக்காதீங்க, பதில் வேற மாதிரி வரும். சீரியல் நம்பர கம்பெனில குடுத்து அந்த மாடல் திரும்பக் கூப்பிட்ட லிஸ்ட்ல இருக்கா, ஒரிஜினலான்னு செக் பண்ணுங்க. கடைசியா ஸ்டெம்ம கழட்டி ஃபோர்க்க வெளிய எடுத்துக் காட்டச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை. அதெல்லாம் வேணாம் சார் நான் கேரண்டின்னு சொன்னாருன்னா, சரிங்கன்னு கை குடுத்துட்டு கிளம்பி வந்துடுங்க.